பிள்ளைகளுக்குச் சோற்றை ஊட்டுங்கள்; ஜாதியை ஊட்டாதீர்கள்

(கோவில்பட்டி வட்டாரத்தில் பெற்றோர்களும் ஆசிரியர்களும் கூடிய கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



குழந்தைகளும் சமத்துவமும் என்பது பற்றிச் சில வார்த்தைகள் சொல்லும்படி நம்மைக் கேட்டிருக்கிறீர்கள். தலைவர் அவர்கள் நம்மைப் பற்றி வேண்டியதற்கு மேலாகவே புகழ்ந்துவிட்டார். அதற்குப் பதில் சொல்லிக் காலத்தைப் போக்க நாம் விரும்பவில்லை. நாம் சொல்லப்போவது உங்களில் சிலருக்குக் கசப்பாக இருக்கலாம். சிலருக்குக் கோபமும் வரலாம். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் நம்பிவிட வேண்டாம். உங்கள் சொந்தப் புத்தியைக் கொண்டு யோசித்துப் பாருங்கள். சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

நம் பக்கத்து ஊர்ச் சங்கதியிலிருந்தே ஆரம்பிக்கிறோம். எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் உசிலம்பட்டி என்று ஒரு கிராமம் இருக்கிறது. மதுரைப் பக்கத்து உசிலம்பட்டி அல்ல. நம் கரிசல்காட்டு உசிலம்பட்டி. அங்கே ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி உண்டு. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் தேதி முதல் தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டது. அதன்படி அந்தப் பள்ளியிலும் அடுப்பு மூட்டப்பட்டது. சமைக்க வந்த அம்மாள், தாழ்த்தப்பட்ட வகுப்பு என்று சர்க்கார் கணக்கில் எழுதப்பட்டிருக்கும் வகுப்பிலே பிறந்தவர். அவர் சமைத்ததைப் பிள்ளைகள் சாப்பிட மறுத்தார்கள். வெந்த உணவு பாத்திரத்திலேயே ஆறிக் கிடந்தது.

சங்கதி வெளியே வந்தது. உத்தியோகஸ்தர்கள் போய்ப் பேசிப் பார்த்தார்கள். பிறகு அந்தச் செப்டம்பர் மாதத்திலேயே பாராளுமன்ற உறுப்பினர் கனிமொழி அவர்களும், அப்போது அமைச்சராயிருந்த கீதா ஜீவன் அவர்களும், கலெக்டரும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கே போய், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, அந்த அம்மாள் சமைத்ததைச் சாப்பிட்டார்கள். பிள்ளைகளும் சாப்பிட்டார்கள்.

தோழர்களே! பிள்ளைகளும் சாப்பிட்டார்கள் என்பதை நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். பாகற்காய் பிடிக்காத பிள்ளைக்குக் கலெக்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாலும் பாகற்காய் இனிக்காது. இயற்கையாக வந்த அருவருப்பானால் அது ஒரு காலை நேரத்தில் போய்விடுமா? போய்விட்டது என்றால் அது பிள்ளையின் நாக்கில் இருந்ததல்ல. பிள்ளையின் வயிற்றில் இருந்ததுமல்ல. யாரோ பெரியவர்கள் அதன் காதில் போட்டது. காதில் போட்டதைக் காதாலேயே எடுத்துவிடவும் முடியும் என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி வேறு வேண்டியதில்லை.

ஆறு வயதுப் பிள்ளைக்கு ஜாதி எப்படித் தெரியும்? பசி தெரியும்; தூக்கம் தெரியும்; அடித்தால் வலி தெரியும்; அணைத்தால் அன்பு தெரியும். ஜாதியை மாத்திரம் வீட்டில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தால் ஒழியத் தெரியவே தெரியாது. எழுத்துச் சொல்லிக் கொடுக்க ஆசிரியர் வேண்டும், அதற்குச் சர்க்கார் சம்பளம் கொடுக்கிறது. ஜாதியைச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியருக்குச் சம்பளமும் இல்லை, விடுமுறையும் இல்லை. தாய், தகப்பன், தாத்தா, பாட்டி எல்லோரும் இந்த ஒரு பாடத்துக்கு இலவச ஆசிரியர்களாய் விடுகிறார்கள்!

உசிலம்பட்டியை மாத்திரம் குறை சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. 2018-இல் அவிநாசிப் பக்கத்திலும் சத்துணவு சமைத்த ஓர் அம்மாளுக்கு இதே கதி நேர்ந்தது. ஆனால் எட்டயபுரத்துப் பக்கத்திலே இது நடந்தது என்பதில் நமக்குத் தனி வெட்கம் உண்டு. ஏனெனில், 1956-இல் காமராசர் அவர்கள் முதல் மந்திரியாக இருந்தபோது ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போடும் திட்டத்தைத் துவக்கி வைத்தது இதே எட்டயபுரத்தில்தான். அதற்கு முன்பே 1920-இல் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு கார்ப்பொரேஷன் பள்ளியில் தியாகராயச் செட்டியார் அவர்கள் பகல் உணவு போட்டுப் பார்த்தார். 1982-இல் எம்.ஜி.ஆர். அவர்கள் சத்துணவுத் திட்டமாக அதை விரித்தார். கட்சி மாறியது, ஆட்சி மாறியது. பிள்ளையின் இலையில் சோறு விழுவது மாத்திரம் நிற்கவில்லை. எல்லாக் கட்சியாரும் ஒப்புக்கொண்ட ஒரு காரியம் இந்நாட்டில் உண்டென்றால் அது இதுதான். அப்படிப்பட்ட சோற்றை, அது பிறந்த மண்ணிலேயே, அறுபத்தேழு வருஷம் கழித்து, சமைத்த கை எது என்று கேட்டுத் தள்ளி வைத்தோம் என்றால், நாம் முன்னே போகிறோமா, பின்னே போகிறோமா?

நிற்க, இதற்குச் சொல்லப்படும் சமாதானங்களைப் பார்ப்போம்.

ஒருவர் சொல்லுகிறார், "நாங்கள் ஒன்றும் தடுக்கவில்லை, பிள்ளைகள்தான் மாட்டேன் என்கின்றன" என்று. இதே பிள்ளை பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றால் விடுகிறீர்களா? காய்ச்சல் மருந்து குடிக்கமாட்டேன் என்றால் விடுகிறீர்களா? கையைக் காலைக் கட்டி வாயில் ஊற்றுகிறீர்கள். அங்கெல்லாம் செல்லாத பிள்ளையின் பேச்சு இங்கே மாத்திரம் சட்டமாகிவிட்டதா?

இன்னொருவர், "சமையலில் சுத்தம் போதாது, ருசி போதாது" என்கிறார். வாஸ்தவமாய் இருக்கலாம். அப்படியானால் போய் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்துக் குறையைச் சொல்லுங்கள். உப்பு அதிகம் என்றால் குறைக்கச் சொல்லுங்கள். அது பெற்றோர்களின் உரிமை. சாப்பிடாமலே ருசி கண்டவர்களைப் பற்றி நாம் என்ன சொல்வது? ஆள் மாறினால் ருசி வந்துவிடும் என்பவர்களுடைய குறை உணவில் இல்லை.

மூன்றாமவர், "அந்த அம்மாளுக்கும் எங்களுக்கும் வேறு தகராறு" என்கிறார். தகராறு இருந்தால் அதைப் பெரியவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிள்ளையின் வயிற்றைப் பணயம் வைப்பது என்ன யோக்கியம்?

இனித் தீட்டு என்பதைத்தான் பார்ப்போம். நம் காட்டிலே கம்பு விளைகிறது, சோளம் விளைகிறது, குதிரைவாலி விளைகிறது. உழுதவர் யார்? களை எடுத்தவர் யார்? கதிர் அறுத்த கை, களத்தில் அடித்த கை, தூற்றிய கை, மூட்டை சுமந்த கை எல்லாம் எந்தத் தெருக் கைகள்? மிளகாய்ப் பழம் பொறுக்கியவர் யார்? நீங்கள் உடுத்தியிருக்கும் துணிக்குப் பருத்தி எடுத்தவர் யார்? இத்தனை கையும் பட்டு வரும்வரை தீட்டில்லாத தானியம், அடுப்பில் ஏற்றிய கை பட்டவுடன் தீட்டாகி விடுமா? நெருப்பிலே வெந்த பிறகும் போகாத தீட்டு, பச்சையாக இருக்கும்போது எங்கே ஒளிந்திருந்தது? இதற்கு எந்தச் சாஸ்திரியாவது, எந்த ஊர்ப் பெரியதனக்காரராவது பதில் சொல்லட்டும்.

நம் ஊர்த் தீப்பெட்டி ஆபீசை எடுத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் கரிசல் கிராமங்களுக்கெல்லாம் வண்டி வந்து, பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போன காலம் உங்களில் பலருக்குத் தெரியும். இங்கே இருக்கும் தாய்மார்களில் எத்தனையோ பேர் அப்படிப் போனவர்கள்தான். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996-இல் சிவகாசி வழக்கிலே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. அதன் பின்னரே அந்தக் கொடுமை சிறிது சிறிதாகக் குறைந்தது. அந்த நாளிலே கட்டை அடுக்கின சின்ன விரல்களைப் பார்த்து, "நீ எந்தத் தெரு?" என்று எந்த முதலாளியாவது கேட்டதுண்டா? எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே தரையில் வரிசையாக உட்கார்ந்து பெட்டி ஒட்டினார்களே, அப்போது யாருக்காவது தீட்டு வந்ததா? வேலை வாங்கும் இடத்தில் இல்லாத தீட்டு, சோறு போடும் இடத்தில் மாத்திரம் வந்து குதிக்கிறதென்றால் அது தீட்டல்ல, பித்தலாட்டம். பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்து வேலை வாங்கச் சம்மதித்த நாம், அவர்களை ஒன்றாக உட்கார வைத்துச் சோறு போடச் சம்மதிக்கமாட்டோம் என்பது மனிதத் தன்மையா?

இன்னொரு சங்கதியையும் கேளுங்கள். சங்கரன்கோவில் பக்கத்தில் பாஞ்சாகுளம் என்ற கிராமம். 2022 செப்டம்பர். பள்ளிக்கூடத்துச் சிறு பிள்ளைகள் சிலர் கையில் காசோடு பெட்டிக் கடைக்குத் தின்பண்டம் வாங்கப் போனார்கள். கடைக்காரர், "ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள். உங்கள் தெருக்காரர்களுக்கு இனி எதுவும் கொடுப்பதற்கில்லை. வீட்டில் போய்ச் சொல்லுங்கள்" என்கிற அர்த்தத்தில் சொல்லித் திருப்பி அனுப்பினார். கட்டுப்பாடா, அது என்ன என்று ஒரு பிள்ளை கேட்டது. அந்தக் காட்சி செல்பேசிப் படமாய் நாடெங்கும் பரவியது. கடைக்குச் சீல் வைத்தார்கள், கைது செய்தார்கள், வழக்கில் சிக்கியவர்கள் சில காலம் ஊருக்குள் நுழையவே கூடாதென்றும் உத்தரவாயிற்று.

சட்டம் அதன் வேலையைச் செய்தது, நல்லதுதான். அரசியல் சட்டத்தின் 15-ஆவது விதி, கடைக்குள் போவதை ஜாதியின் பேரால் யாருக்கும் தடுக்கக்கூடாது என்கிறது. 17-ஆவது விதி, தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்கிறது. இவை 1950 முதல் இருக்கின்றன. ஆனால் அந்தப் பிள்ளை கேட்ட கேள்வி இருக்கிறதே, கட்டுப்பாடு என்றால் என்ன என்று, அதற்கு எந்தக் கோர்ட்டும் பதில் சொல்ல முடியாது. அதற்கு நீங்களும் நாமும்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

நம் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நமக்கெல்லாம் பெருமை. இந்த மண்ணின் கடலைக்கு இந்த ஊரின் பேர் ஒட்டியது என்று சந்தோஷப்பட்டோம். அந்தக் கடலையைச் செடியிலிருந்து ஆய்ந்தவரின் பேரப்பிள்ளை ஒரு மிட்டாய் வாங்கக் காசை நீட்டினால், காசு தீட்டில்லை, மிட்டாய் தீட்டில்லை, நீட்டிய கை மாத்திரம் தீட்டு என்றால், அந்தப் பெருமை யாருக்கு?

தோழர்களே! இந்தக் கொடுமை நம் நாட்டில் மாத்திரம்தானா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. அமெரிக்காவிலே நிறத்தின் பேரால் இதே கொடுமை நடந்தது. அங்கே கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதிகள், இருவரும் மனத்தைப் பற்றி ஆராயும் சாஸ்திரம் படித்தவர்கள், ஒரு பரீட்சை செய்தார்கள். மூன்று வயது முதல் ஏழு வயது வரை உள்ள கறுப்பினப் பிள்ளைகள் முன்னே, நிறம் ஒன்றைத் தவிர மற்றெல்லாம் ஒன்றுபோல் இருக்கும் ஒரு வெள்ளைப் பொம்மையையும் ஒரு கறுப்புப் பொம்மையையும் வைத்தார்கள். எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளையை நல்லதென்றும் கறுப்பைக் கெட்டதென்றும் காட்டினார்கள். பிறகு, இதில் உன்னைப்போல் இருப்பது எது என்று கேட்டபோது சில பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். 1954-இல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு, நிறத்தின் பேரால் பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளியில் வைப்பது செல்லாது என்று தீர்ப்புச் சொன்னபோது இப்படிப்பட்ட ஆராய்ச்சிகளையும் எடுத்துக் காட்டியது.

நம் பிள்ளைகள் முன் அப்படி இரண்டு பொம்மைகளை வைக்க வேண்டியதில்லை. இரண்டு தெருக்களை வைத்திருக்கிறோம். எது நல்ல தெரு, எது கெட்ட தெரு என்று கேட்டுப் பாருங்கள். எல்லாத் தெருப் பிள்ளையும் விரலை நீட்டும். அந்த விரலை நீட்டக் கற்றுக்கொடுத்தது யார்?

தீர்ப்பு வந்தவுடன் அங்கே எல்லாம் சரியாகிவிடவில்லை. 1960 நவம்பர் 14-ஆம் தேதி நியூ ஆர்லியன்ஸ் பட்டணத்தில் ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுப் பெண் குழந்தை, அதுவரை வெள்ளையர் மாத்திரம் படித்த பள்ளியில் அடி எடுத்து வைத்தாள். முன்னும் பின்னும் சர்க்கார் காவலர்கள். இரு பக்கமும் வெள்ளைக்கார ஆண்களும் பெண்களும் நின்று வாயில் வந்ததெல்லாம் கத்தினார்கள். ஒருத்தி, உனக்கு விஷம் வைப்பேன் என்று கத்தினாள். அதனால் அந்தக் குழந்தை வீட்டிலிருந்து கொண்டுபோன சாப்பாட்டைத் தவிர வேறெதையும் சாப்பிடக்கூடாது என்று காவலர்கள் உத்தரவு போட்டார்கள். வெள்ளையர்கள் தங்கள் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆசிரியர்களும் அவளுக்குப் பாடம் சொல்ல மறுத்தார்கள். பார்பரா ஹென்றி என்ற ஒரே ஓர் ஆசிரியை மாத்திரம், அவரும் வெள்ளைக்காரர், அந்த வருஷம் முழுவதும் காலி வகுப்பில் அந்த ஒரு பிள்ளைக்குத் தனியாகப் பாடம் நடத்தினார். அவளுடைய தகப்பனாருக்கு வேலை போயிற்று. அவர்கள் வழக்கமாய்ச் சாமான் வாங்கும் கடைக்காரர், இனி இங்கே வராதீர்கள் என்றார்.

கேட்டீர்களா? சோறு, பள்ளிக்கூடம், கடை! நியூ ஆர்லியன்ஸ் எங்கே, உசிலம்பட்டி எங்கே, பாஞ்சாகுளம் எங்கே! பாஷை வேறு, மதம் வேறு, உடை வேறு. ஆனால் வெறுப்பு எங்கே போனாலும் முதலில் கை வைப்பது பிள்ளையின் தட்டிலும் பையிலும்தான் என்பது மாத்திரம் ஒன்றாக இருக்கிறது.

ஆனாலும் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்தக் கூட்டத்தின் வசவைத் தாங்கிக்கொண்டு தங்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்து அதே பள்ளிக்கு அழைத்துக்கொண்டு போன வெள்ளைக்காரப் பெற்றோர் இரண்டொருவர் இருந்தார்கள். அவர்களையும் கல்லால் அடித்தார்கள், திட்டினார்கள். வருஷக் கடைசிக்குள் சில வெள்ளைப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். மறு வருஷம் ரூபி காவலர் இல்லாமலே பள்ளிக்குப் போனாள். ஒருவர் இருவர் முதலில் துணிந்தால் போதும், பயந்துகொண்டு ஒதுங்கி நிற்பவர்கள் ஒவ்வொருவராக வந்துவிடுவார்கள் என்பதே இதில் நாம் கற்க வேண்டிய பாடம்.

நாம் வேறு தேசத்துக் கதையைச் சொல்லுகிறோம் என்று நினைக்காதீர்கள். அந்நிய நாட்டில் அவமானப்படுவது என்ன என்பது தமிழனுக்கு நன்றாகத் தெரியும். 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புக் காட்டுக்கு நம் ஜனங்கள் கப்பல் ஏறினார்கள். அங்கே அவர்கள் எந்த ஜாதியானாலும் வெள்ளையனுக்கு எல்லோரும் 'கூலி'தான். இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கும் தென்பாண்டிச் சீமையிலிருந்தும் ஜனங்கள் போனார்கள். அந்தக் காட்டை மலையாக இருந்ததிலிருந்து தோட்டமாக்கினவர்களின் பிள்ளைகளுக்கு, 1948-இல் அந்நாட்டுச் சட்டம் ஒன்று குடியுரிமையே இல்லாமல் செய்துவிட்டது. அதைக் கேட்டு நம் இரத்தம் கொதித்தது, கொதிக்க வேண்டியதுதான். ஆனால், "இவன் இன்னாருக்குப் பிறந்தவன், ஆகையால் இவனுக்கு உரிமை இல்லை" என்று கொழும்பில் சொன்னால் அது இனவெறி, கோவில்பட்டிப் பக்கம் சொன்னால் அது ஊர்க் கட்டுப்பாடா?

2001-இல் இனவெறியை ஒழிப்பதற்காக உலக நாடுகள் மாநாடு கூடியது. கூடிய இடம் எது தெரியுமா? நம் ஜனங்கள் கப்பலில் போய் இறங்கிய அதே டர்பன் துறைமுகம். அங்கே ஜாதிக் கொடுமையையும் சேர்த்துப் பேச வேண்டுமென்று இந்நாட்டுத் தாழ்த்தப்பட்ட மக்களின் சார்பில் போனவர்கள் கேட்டார்கள். ஜாதி வேறு, இனம் வேறு, அதை இங்கே பேசக்கூடாது என்று இந்திய சர்க்கார் வாதாடியது. இரண்டும் ஒன்றா வேறா என்பதைப் பண்டிதர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். தட்டைத் தள்ளி வைக்கப்பட்ட அம்மாளிடம் போய், இது இன வெறுப்பல்ல, ஜாதி வெறுப்புத்தான் என்று சொன்னால் அவர் மனம் ஆறிவிடுமா?

இப்பொழுது நமக்குள்ளேயே பேச வேண்டிய ஒரு வார்த்தை உண்டு. நாம் பார்ப்பனரல்லாதார், சுயமரியாதை பேசுகிறவர்கள். நம் இயக்கத்துக்கு விதை விழுந்த இடங்களில் ஒன்று எது? நம் பழைய திருநெல்வேலி ஜில்லாவிலே சேரன்மாதேவி. அங்கே வ.வே.சு. அய்யர் அவர்கள் காங்கிரஸ் பண உதவியும் பெற்று நடத்திய குருகுலத்தில், பார்ப்பனப் பிள்ளைகளுக்கு வேறாகவும் மற்றப் பிள்ளைகளுக்கு வேறாகவும் சாப்பாடு போட்டார்கள். தேசத்துக்குத் தொண்டர்களைத் தயார் செய்யும் இடத்திலேயே பிள்ளைகளுக்கு இரண்டு பந்தியா என்று வரதராஜுலு நாயுடு அவர்களும் பெரியார் அவர்களும் கேட்டார்கள். 1925-இல் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் கமிட்டியில் எஸ். ராமநாதன் அவர்கள், பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டக்கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். சில பேர் ராஜினாமாச் செய்தார்கள். அந்த வருஷமே 'குடி அரசு' பிறந்தது. அந்த வருஷக் கடைசியிலே பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார்.

இவ்வளவு பெரிய கலகமும் எதற்காக? பிள்ளைகளின் பந்தி ஒன்றுக்காக! "எங்கள் பிள்ளை உங்கள் பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிட்டால் என்ன குறைந்துவிடும்?" என்று அன்றைக்கு நம் பாட்டன்மார் கேட்டார்கள். சுமார் நூறு வருஷம் ஆயிற்று. அதே கேள்வியை இன்று நம்மைப் பார்த்து வேறொரு தெருவிலிருந்து கேட்கிறார்கள். அன்று பார்ப்பனர் சொன்ன பதிலையே இன்று நாம் சொன்னால், அன்று நாம் கேட்டது சமத்துவமா, அல்லது மேல் பந்தியில் நமக்கும் ஓர் இலையா?

இந்த வட்டாரத்துப் பழைய சரித்திரமும் இதையே சொல்லுகிறது. 1895-இல் கழுகுமலையில் தெருவழி ஊர்வலம் போகும் உரிமைக்காக நாடார் சமூகத்தாருக்கும் மற்றவர்களுக்கும் கலகம் மூண்டு உயிர்கள் போயின. 1899-இல் சிவகாசி தாக்கப்பட்டது. கோவிலுக்குள் வரக்கூடாது, இந்தத் தெருவில் நடக்கக்கூடாது என்றவர்களை எதிர்த்து நின்ற ஜனங்கள் இந்தக் கரிசல் மண்ணின் ஜனங்கள். அப்படி அவமானப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவர்தான் ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் அவர். இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களுக்கு லைசென்சு கிடையாது என்று உத்தரவு போட்டார். தன் ஜாதிக்கு வழி கிடைத்ததோடு அவர் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. தனக்கு மூடப்பட்ட கதவு மற்றவனுக்கும் மூடப்படக்கூடாது என்று நினைப்பவனே சுயமரியாதைக்காரன். தனக்குத் திறந்தவுடன் பின்னால் வருகிறவன் முகத்தில் அடித்துச் சாத்துகிறவன், எந்த வகுப்பில் பிறந்தாலும் வருணாச்சிரமக்காரன்தான்.

அன்றியும், இந்த விஷயத்தை அற்பம் என்று விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆறு வயதிலே தட்டைத் தள்ளிய பிள்ளை, பன்னிரண்டு வயதிலே மணிக்கட்டில் ஜாதி நிறத்துக் கயிறு கட்டுகிறான். பதினேழு வயதிலே அரிவாள் எடுக்கிறான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் என்ன நடந்தது? நன்றாகப் படித்த ஒரு தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவன், தன்னைக் கொடுமைப்படுத்தியவர்களைப் பற்றிப் பள்ளியில் சொன்னான் என்பதற்காக, உடன் படித்த பிள்ளைகள் இரவில் அவன் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்களும் பிள்ளைகள்! வெட்டுப்பட்டவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பரீட்சை எழுதித் தேறினான். வெட்டியவர்களின் படிப்பு என்ன ஆயிற்று? ஜாதிப் பெருமை சொல்லி உசுப்பிவிட்ட எந்தப் பெரிய மனிதராவது அவர்களுக்காகக் கூண்டில் ஏறி நின்றாரா? ஜாதிவெறி முதலில் அடுத்தவன் பிள்ளையைத் தின்கிறது. பிறகு தன் பிள்ளையையும் தின்கிறது.

அதன் பிறகு சர்க்கார், ஓய்வுபெற்ற ஐக்கோர்ட்டு ஜட்ஜ் சந்துரு அவர்களைக் கொண்டு ஒரு கமிட்டி அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். பள்ளியில் ஜாதிக் கயிறு கூடாது. பள்ளிக்கூடங்களின் பேரில் ஜாதிப் பேர் கூடாது. வகுப்பில் பிள்ளைகளை எழுத்து வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பன போன்ற யோசனைகளைச் சொன்னார். நல்ல யோசனைகள். ஆனால் கயிற்றைப் பள்ளி வாசலில் அவிழ்க்கலாம். வீட்டில் கட்டுகிற கயிறு கண்ணுக்குத் தெரியாதே! அதை யார் அவிழ்ப்பது?

ஆகையால் முடிவாக நாம் உங்களைக் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்.

முதலாவது, பிள்ளைகள் எதிரில் எந்த ஜாதியையும் பழித்தும் பேசாதீர்கள், சொந்த ஜாதியைப் புகழ்ந்தும் பேசாதீர்கள். பழிப்பதைவிடப் புகழ்வது மோசம். ஏனெனில் அது விஷம் என்றே தெரியாது.

இரண்டாவது, இங்கே இருக்கும் பெற்றோர்கள் மாதத்தில் ஒரு காலையாவது உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போய், யார் சமைத்திருந்தாலும் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். மந்திரியும் கலெக்டரும் ஒரு நாள்தான் வருவார்கள். அவர்கள் வண்டி போன பிறகு அந்த அம்மாள் மறுநாளும் அதே ஊரில்தான் அடுப்பு மூட்ட வேண்டும். அவருக்குத் துணை மந்திரி அல்ல, நீங்கள்.

மூன்றாவது, உங்கள் ஊரில் ஒரு பிள்ளைக்குக் கடையில் சாமான் இல்லை என்று சொன்னால், அன்றைக்கே அந்தக் கடையில் நீங்களும் வாங்குவதை நிறுத்துங்கள். ஊர்க் கட்டுப்பாடு என்பது பத்துப் பேர் பேசி, மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான். வாயைத் திறந்தால் கட்டுப்பாடு போயிற்று.

நான்காவது, ஆசிரியத் தோழர்களுக்கு. பார்பரா ஹென்றி என்ற பெண்மணி பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. மற்றவர்கள் மறுத்த ஒரு பிள்ளைக்குத் தினமும் வந்து பாடம் சொன்னார், அவ்வளவுதான். உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை ஒதுங்கி உட்கார்ந்தால் அது ஏன் என்று கேளுங்கள். கேட்கிற ஒருவர் இருக்கிறார் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிவதே பாதி மருந்து.

இதெல்லாம் செய்தால் சொந்தக்காரர்கள் கோபிப்பார்கள், கல்யாணம் காரியத்துக்கு அழைக்கமாட்டார்கள் என்று பயப்படுவீர்கள். வாஸ்தவம், சில பேர் அழைக்கமாட்டார்கள். நம் வீட்டிலும் அப்படி அழைப்பு வராத காலம் உண்டு. அதனால் ஒன்றும் அடுப்பு அணைந்துவிடவில்லை. கொஞ்ச நாள் கழித்து அவர்களே வந்தார்கள்.

தோழர்களே! கரிசல் மண் மழையை நம்பியிருக்கிற மண். வானம் பெய்தால்தான் விளைச்சல். அது நம் கையில் இல்லை. பிள்ளைகள் மனத்தில் எதை விதைப்பது என்பது முழுக்க நம் கையில் இருக்கிறது. மழைமேல் பழி போட அங்கே வழியில்லை.